கலிஃபோர்னியாவில் பள்ளி வாரியத் தேர்தலில் நிற்பது எப்படி: முதல்முறை வேட்பாளருக்கு

ஒரு பள்ளி மாவட்டத்தை, அதாவது ஒரு வட்டாரத்தின் பொதுப் பள்ளிகளை, நிர்வகிக்க வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் குழுதான் பள்ளி வாரியம். எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் இரண்டு முறை அந்தத் தேர்தலில் நின்றார். இரண்டு முறையும் நான்தான் அவருக்குப் பொருளாளர். முதல் முறை தோற்றார், நான்கு ஆண்டு கழித்து வென்றார். செலவு இரண்டு முறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூட ஓடியாடியவர்களும் அதே ஆட்கள்தான். முதல் முறை அவர் தன் மகனுடைய கணக்கு வகுப்பைப் பற்றியே பேசினார். இரண்டாம் முறை மற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, இந்த நாற்காலியின் வேலை அதுதான். மனு கொடுக்கும் முன்பே இது மனத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் காகித வேலையும் கால் நடையும்தான்.

நான் எழுதுவது கலிஃபோர்னியா நடைமுறை. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு. இங்கேயே லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டத்துக்குக் கையெழுத்து, கட்டணம் என்று தனி விதிகள் உண்டு. மாநிலத்தின் ஏறக்குறைய 1,000 பள்ளி மாவட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு இங்கே சொல்வது பொருந்தும்.

உங்கள் இருக்கை எது?

நகரம் வேறு, பள்ளி மாவட்டம் வேறு. குப்பர்டினோவில் எட்டாம் வகுப்பு வரை குப்பர்டினோ யூனியன் மாவட்டம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம். பெயரில் ஃப்ரீமான்ட் இருந்தாலும் இதற்கும் ஃப்ரீமான்ட் நகரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நகரத்துப் பிள்ளைகள் படிப்பது அலமீடா கவுன்டியில் உள்ள ஃப்ரீமான்ட் யூனிஃபைட் மாவட்டத்தில். ஆகவே முதல் வேலையாக, உங்கள் கவுன்டித் தேர்தல் பதிவாளரின் இணையதளத்தில் வீட்டு முகவரியைப் போட்டு, எந்த மாவட்டத்தில், எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

பகுதி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் பல மாவட்டங்களில் யார் வேண்டுமானாலும் மொத்த மாவட்டத்துக்கும் சேர்த்து நிற்கலாம். கலிஃபோர்னியா வாக்குரிமைச் சட்டத்தின்கீழ் வந்த வழக்குகளுக்கும் எச்சரிக்கைக் கடிதங்களுக்கும் பிறகு, ஏராளமான மாவட்டங்கள் தங்களை ட்ரஸ்டி (வாரிய உறுப்பினர்) பகுதிகளாகப் பிரித்துக்கொண்டன. அப்படிப்பட்ட மாவட்டத்தில், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு மட்டும்தான் நிற்க முடியும். வாரியத்தில் பெரும்பாலும் 5 பேர் அல்லது 7 பேர், பதவிக்காலம் 4 ஆண்டு. எல்லா இருக்கைகளுக்கும் ஒரே ஆண்டில் தேர்தல் வராது. உங்கள் பகுதிக்கு 2026-இல் தேர்தலா, 2028-இலா என்பதை இப்போதே பார்த்துவையுங்கள்.

தகுதி எளிது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த மாவட்டத்தில் (பகுதி பிரித்திருந்தால் அந்தப் பகுதியில்) குடியிருக்க வேண்டும், பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். வாக்காளர் என்றால் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2018 முதல் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம். அது நல்ல ஏற்பாடு, மற்ற ஊர்களுக்கும் வர வேண்டும் என்பது என் விருப்பம். இன்னொன்று: அதே மாவட்டத்தில் வேலை பார்ப்பவர் தேர்தலில் நிற்கலாம். ஆனால் வென்றால் வேலையை விட்டபின்தான் பதவியேற்க முடியும்.

ஓராண்டு பின்வரிசையில் உட்காருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேரே மனுத்தாக்கலுக்குப் போகிறவர்கள் அதிகம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வாரியக் கூட்டம் வழக்கமாக மாதம் இரண்டு முறை, மாலையில் நடக்கும். வாரியம் போன்ற அமைப்புகள் பொதுவில்தான் கூடிப் பேச வேண்டும் என்று 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுவில் வைத்துவிட வேண்டும். அதைப் படித்துவிட்டுப் போங்கள். "கன்சென்ட்" (விவாதமின்றி ஒப்புதல்) என்ற தலைப்பின் கீழ் ஒரே கை தூக்கலில் இருபது முப்பது ஒப்பந்தங்கள் நிறைவேறும். கூரை பழுது, மென்பொருள் உரிமம், பேச்சுப் பயிற்சியாளருக்கான ஒப்பந்தம் எல்லாம் அதில் இருக்கும். மாவட்டம் எதற்குச் செலவழிக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

அக்காவும் நானும் முதல் தோல்விக்குப் பிறகு மூன்றரை ஆண்டு போனோம். ஒரு நாள் இரவு பதினோரு மணி இருக்கும். அரங்கத்தில் பத்துப் பேர்கூட இல்லை. ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் எழுந்து மைக்கின் முன்னால் நின்றார். சிறப்புக் கல்விப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் உதவியாளர் பணியிடத்தை எடுக்கப்போகிறார்கள் என்று சொல்லி, வலிப்பு வரும் ஒரு பையனைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை. "நான் சாலையைப் பார்ப்பதா, கண்ணாடியில் அவனைப் பார்ப்பதா?" என்று கேட்டார். அவருக்குக் கொடுத்த இரண்டு நிமிடம் முடிந்து விளக்கு சிவப்பானது. அக்கா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். காரில் வரும்போது, "போன தடவை நான் எதுக்கு நின்னேன்னே எனக்குத் தெரியல" என்றார். அவருடைய இரண்டாவது தேர்தல் அந்த இரவில்தான் தொடங்கியது என்று நான் நம்புகிறேன்.

கூட்டத்துக்குப் போவதோடு கணக்கையும் படிக்க வேண்டும். 2013 முதல் மாநிலம் பணம் தருவது எல்சிஎஃப்எஃப் என்ற சூத்திரத்தின்படி. சேர்ந்திருக்கும் மாணவர்களின் எண்ணிக்கைக்கு அது பணம் தருவதில்லை. அன்றாடம் வகுப்புக்கு வந்தவர்களின் சராசரியைத்தான் பார்க்கிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்குக் கூடுதல் தொகை உண்டு. அந்தப் பணத்தை எப்படிச் செலவழிக்கப்போகிறோம் என்று மாவட்டம் எழுதும் திட்டம் எல்கேப். நூறு பக்கத்தைத் தாண்டும், சலிக்கும், ஆனாலும் படியுங்கள். வீட்டுவரி வரவு மிகுதியாக உள்ள சில மாவட்டங்கள் இந்தச் சூத்திரத்துக்கு வெளியே, உள்ளூர் வரியிலேயே ஓடும். உங்கள் மாவட்டம் எந்த வகை என்று தெரியாமல் பட்ஜெட்டைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

இரண்டு தேதிகள் மனப்பாடமாக இருக்கட்டும். அடுத்த ஆண்டு வேலை இல்லாமல் போகலாம் என்று ஆசிரியருக்கு அறிவிப்பு தர வேண்டிய கெடு மார்ச் 15. பட்ஜெட்டை நிறைவேற்ற வேண்டிய கெடு ஜூன் 30. வாரியத்தின் கடினமான இரவுகள் இந்த இரண்டுக்கும் முன்னால்தான் வரும்.

தனி உறுப்பினருக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதும் அங்கே உட்கார்ந்தால் புரியும். ஆசிரியரை மாற்றவோ, ஒரு பிள்ளைக்கு மேல் வகுப்பில் இடம் வாங்கித் தரவோ உறுப்பினரால் முடியாது. வாரியம் ஒன்றாகச் சேர்ந்து சூப்பரின்டென்டென்டை (மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியை) நியமிக்கிறது, பட்ஜெட்டை ஏற்கிறது, கொள்கை வகுக்கிறது. கொள்கை என்பது நம் வீட்டுக்கு எட்டாத சமாச்சாரம் இல்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழுக்கு உயர்நிலைப் பள்ளியில் மொழிப் பாட கிரெடிட் தருவதா என்பது போன்ற கேள்விகளுக்கு விடை மாவட்டக் கொள்கையில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் மாதத்துக் காகிதங்கள்

தேர்தல் 2026 நவம்பர் 3. மனு வாங்கவும் கொடுக்கவும் காலம் தேர்தலுக்கு 113 நாள் முன்பு தொடங்கி 88 நாள் முன்பு முடிகிறது. அதாவது ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 வரை. இப்போது பதவியில் இருப்பவர் மனு கொடுக்காவிட்டால், மற்றவர்களுக்கு மட்டும் ஆகஸ்ட் 12 வரை நீளும். இந்த நீட்டிப்பை நம்பி இருக்காதீர்கள். பலர் ஊருக்குப் போகும் மாதங்கள் ஜூன், ஜூலை. நிற்பதாக இருந்தால் அந்த ஆண்டு பயணத்தை டிசம்பருக்குத் தள்ளுங்கள்.

கவுன்டித் தேர்தல் பதிவாளர் அலுவலகத்தில் முன்பதிவு செய்துகொண்டு நேரில் போங்கள். வாரியத் தேர்தலுக்குப் பொதுவாக ஆதரவுக் கையெழுத்துத் தாள் கிடையாது, மனுக் கட்டணமும் கிடையாது. வேட்பாளர் உறுதிமொழிப் படிவத்தை அதிகாரியின் முன் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அதோடு சொத்து, வருமான நலன்களை வெளியிடும் ஃபாரம் 700 வரும். எதை எழுதுவது என்பது மாவட்டத்தின் விதித்தொகுப்பைப் பொறுத்தது. மாவட்டத்தோடு வியாபாரம் செய்யும் மென்பொருள் நிறுவனத்தின் பங்கு உங்களிடமோ துணைவரிடமோ இருந்தால் அதை எழுத வேண்டிவரலாம். கம்பெனி தந்த பங்குதானே என்று விட்டுவிடாதீர்கள்.

வாக்குச்சீட்டில் உங்கள் பெயருக்குக் கீழே தொழிலைக் குறிக்க மூன்று சொல்லுக்கு மேல் இடமில்லை. டாக்டர் போன்ற பட்டங்கள் பெயரோடு வராது. தேர்ந்த, முன்னணி என்பது போன்ற புகழ் அடைகளும் கூடாது. ஆக்டிவிஸ்ட், வரி செலுத்துபவர் என்பவையும் தொழில் ஆகாது. உண்மையில் எதைச் செய்து சாப்பிடுகிறீர்களோ அதை எழுதி, அதற்கான ஆதாரத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்சிப் பெயர் எங்கும் வராது, இது கட்சி சாராத தேர்தல். பெயர்கள் அகரவரிசையில் வருவதில்லை. மாநிலம் குலுக்கலில் எடுக்கும் எழுத்து வரிசைப்படி வரும், ஆகவே "ஏ"-யில் தொடங்கும் பெயர் என்று மகிழவும் வேண்டாம், "வி" என்று வருந்தவும் வேண்டாம்.

இனி 200 சொல் அறிக்கை. ஒவ்வொரு வாக்காளர் வீட்டுக்கும் கவுன்டி அனுப்பும் கையேட்டில் உங்களைப் பற்றி நீங்களே எழுதும் பத்தி இது. விருப்பமிருந்தால் போடலாம், ஆனால் செலவு பொதுவாக வேட்பாளருடையது. மாவட்டத்தின் அளவைப் பொறுத்துச் சில நூறு டாலரும் ஆகலாம், சில ஆயிரமும் ஆகலாம். மற்ற எல்லாச் செலவையும் குறைத்தாவது இதைப் போடுங்கள். பள்ளி வாரியத்துக்கு யார் நிற்கிறார்கள் என்று பலருக்கும் தெரிவது அந்தக் கையேட்டிலிருந்துதான். மனுவோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். கொடுத்தபின் திரும்பப் பெறலாமே தவிர மாற்ற முடியாது. எதிராளியைப் பற்றியோ கட்சியைப் பற்றியோ எழுதக் கூடாது.

அக்காவின் முதல் அறிக்கையில் பட்டங்கள் மூன்று வரி, வேலை பார்த்த நிறுவனங்கள் இரண்டு வரி, பள்ளிகள் கடைசியில் ஒரு வரி. இரண்டாவது அறிக்கை, "மூன்றரை ஆண்டாக வாரியக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து வருகிறேன்" என்று தொடங்கியது. வீடு வீடாகப் போனபோது மூன்று பேர் அந்த வரியை அப்படியே எங்களிடம் திருப்பிச் சொன்னார்கள்.

உங்கள் இருக்கைக்கு வேறு யாரும் மனு கொடுக்காவிட்டால் தேர்தலே நடக்காது, நீங்களே நியமிக்கப்படுவீர்கள். கலிஃபோர்னியாவின் சிறிய மாவட்டங்களில் இது அபூர்வமில்லை. யாரும் நிற்க முன்வராத நாற்காலிகள் அவ்வளவு இருக்கின்றன என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

பணம்: இங்கேதான் கவனம் வேண்டும்

யாரிடமும் ஒரு டாலர் கேட்கும் முன், நிற்கப்போவதைத் தெரிவிக்கும் ஃபாரம் 501-ஐக் கொடுத்தாக வேண்டும். ஒரு காலண்டர் ஆண்டில் 2,000 டாலரை எட்டாமல் முடித்துக்கொள்வதாக இருந்தால் ஃபாரம் 470 என்ற சிறிய படிவத்தோடு வேலை முடிந்தது. 200 சொல் அறிக்கைக்கு உங்கள் கைக்காசில் கட்டிய தொகை அந்த 2,000-இல் சேராது. பல பேர் இந்த வரம்புக்குள்ளேயே நின்று வென்றிருக்கிறார்கள். முதல்முறை நிற்பவருக்கு நான் சொல்வதும் அதுதான்.

2,000-ஐத் தொட்டுவிட்டால் ஃபாரம் 410-இல் குழுவாகப் பதிய வேண்டும், ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம். ஐஆர்எஸ் என்ற வரித்துறையிடம் ஈஐஎன் என்ற அடையாள எண் வாங்கி, பிரசாரத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். உங்கள் சொந்தப் பணமாக இருந்தாலும் முதலில் அந்தக் கணக்கில் போட்டுத்தான் செலவழிக்க வேண்டும். ஃபாரம் 460 என்ற வரவுசெலவு அறிக்கைக்கு இந்தத் தேர்தலில் செப்டம்பர் 24, அக்டோபர் 22 என்று இரண்டு கெடு. தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் ஒருவரிடமிருந்தே 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 24 மணி நேரத்துக்குள் தனியாக அறிவிக்க வேண்டும். நீங்களே போட்ட பணத்துக்கும் இது பொருந்தும். 100 டாலரும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. அந்த அளவு கொடுப்பவரின் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் எந்தத் தேர்தலுக்கும் பணம் தரக் கூடாது, இது அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சமையலறையில் யார்டு சைன்களுக்கு (வீட்டு முன்புறம் நடும் பிரசாரப் பலகைகளுக்கு) கம்பி மாட்டிக்கொண்டிருந்தோம். எச்1பி விசாவில் இருக்கும் ஒரு தம்பி 50 டாலரை மேசையில் வைத்தார். எனக்குச் சங்கடம். "வேண்டாம்ப்பா, உனக்கும் பிரச்சினை, அக்காவுக்கும் பிரச்சினை" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ வேலையாவது செய்யலாமா?" என்றார். சம்பளம் வாங்காமல் தன் நேரத்தைக் கொடுப்பதற்குத் தடையில்லை. அந்த அக்டோபர் முழுவதும் எங்களோடு அதிகத் தெருக்கள் நடந்தவர் அவர்தான். ஊரிலிருக்கும் அம்மா அப்பா ஆசையாக அனுப்பும் பணமும் இதே கணக்கில்தான் வரும், வாங்கக் கூடாது.

சந்தேகம் வந்தால் மாநிலத்தின் நியாயமான அரசியல் நடைமுறை ஆணையத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். இலவசம்தான், பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

தெருவில் இறங்குங்கள்

வாக்காளர் பட்டியலைக் கவுன்டி அலுவலகத்தில் விலைக்கு வாங்கலாம். அதில் ஒவ்வொருவரும் முன்பு எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார்கள் என்பது இருக்கும், யாருக்கு என்பது இருக்காது. தவறாமல் வாக்களிப்பவர்களின் வீடுகளை முதலில் தட்டுங்கள். அந்த வீடுகளில் பாதிக்கு மேல் பள்ளி வயதுப் பிள்ளையே இருக்காது, அதற்குத் தயாராகப் போங்கள்.

"என் பிள்ளைகளுக்கே ஐம்பது வயதாகிறது, எனக்கும் இதற்கும் என்ன?" என்று ஒரு பாட்டி கேட்டார். அக்கா பள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "உங்கள் வீட்டு வரிச்சீட்டில் பள்ளிக்கென்று ஒரு வரி இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். பாட்டி உள்ளே போய்ச் சீட்டை எடுத்துவந்தார். வாசலில் நின்றபடியே இருவரும் அதைப் படித்தார்கள். பள்ளிக் கட்டடப் பத்திரத்துக்கு (கட்டடத்துக்காக மாவட்டம் வாங்கும் கடனுக்கு) 55 சதவீத வாக்கு போதும் என்பதும், பார்சல் வரிக்கு (ஒவ்வொரு மனைக்கும் விதிக்கும் வரிக்கு) மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதும் தெரிந்திருந்ததால் அக்காவால் பதில் சொல்ல முடிந்தது. இருபது நிமிடம் ஆனது. ஒரு வீட்டுக்கு அது அதிகம்தான், ஆனால் பாட்டி தன் புல்வெளியில் யார்டு சைன் வைத்துக்கொண்டார்.

தமிழர் வீடுகளுக்கு மட்டும் போய் வெல்ல முடியாது. ஆறேழு ஆயிரம் வாக்குகள் வேண்டிய இடத்தில் நம்மவர் எண்ணிக்கை எவ்வளவு என்று பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்பானிஷ் பேசும் பெற்றோரிடம் போக, மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆசிரியர் சங்கம், கட்சிகளின் கவுன்டிக் கிளைகள் எல்லாம் கேள்வித்தாள் அனுப்பும். ஆதரவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நேர்மையாக நிரப்பி அனுப்புங்கள், இரண்டு குழுவுக்கு இரண்டு விதமாக எழுதாதீர்கள். பெண் வாக்காளர் கழகம் பல ஊர்களில் வேட்பாளர் மேடை நடத்துகிறது, அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கமும், வரிவிலக்கு பெற்ற தமிழ்ச் சங்கமும் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது. பொங்கல் விழா மேடையில் உங்களுக்கு வாக்குக் கேட்டுவிட்டால் சங்கத்தின் வரிவிலக்குக்கே ஆபத்து. அன்பில் செய்யக்கூடும், நீங்கள்தான் முன்கூட்டியே தடுக்க வேண்டும். பள்ளியின் மின்னஞ்சல் பட்டியல், நகல் இயந்திரம் என்று எதையும் பிரசாரத்துக்குத் தொடக் கூடாது. 200-க்கு மேல் ஒரே மாதிரி அஞ்சல் அனுப்பினால் யார் அனுப்புவது என்பது உறையில் இருக்க வேண்டும். மாநில நெடுஞ்சாலை ஓரங்களில் சைன் நட வேண்டாம், அதற்குத் தனி விதிகள் உண்டு.

வாக்கு மாதமும் அதன் பிறகும்

இங்கே எல்லா வாக்காளருக்கும் வாக்குச்சீட்டு அஞ்சலில் போகிறது. அக்டோபர் முதல் வாரத்திலேயே வீடுகளுக்கு வரத் தொடங்கிவிடும். ஆகவே உங்கள் நடையில் பெரும்பகுதி செப்டம்பரில் முடிந்திருக்க வேண்டும். இரண்டாம் சுற்று கிடையாது, அதிக வாக்கு வாங்கியவர் வென்றார். நவம்பர் 3 இரவு வரும் எண்ணிக்கையை வைத்து அழவோ ஆடவோ வேண்டாம். எண்ணி முடிக்கப் பல நாள் ஆகும், நெருக்கமான போட்டியில் நிலை மாறும்.

சைன்களை ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். குழு பதிந்திருந்தால், கணக்கை முடித்து 410, 460 இரண்டிலும் முடிவுப் படிவம் கொடுக்கும்வரை ஒவ்வோர் அரையாண்டும் அறிக்கை கேட்பார்கள்.

வென்றவர்கள் டிசம்பரின் இரண்டாம் வெள்ளியன்று பொறுப்புக்கு வருகிறார்கள், 2026-இல் அது 11-ஆம் தேதி. அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் கவனமாக இருங்கள். ஐந்து பேர் வாரியத்தில் மூன்று பேர் வாரிய விஷயத்தைத் தனியே பேசிக்கொண்டால், ஒருவர் மாற்றி ஒருவராகச் செய்தி அனுப்பிக்கொண்டால்கூட, பிரவுன் சட்டத்தை மீறியதாகும்.

தோற்ற ஆண்டு டிசம்பரில் அக்காவோடு நான் கூட்டத்துக்குப் போனேன். அவரை வென்றவர் பதவியேற்பதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, அக்கா பின்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து நிகழ்ச்சிநிரலை எடுத்தார். கன்சென்ட் பட்டியலில் ஏழாவது ஒப்பந்தத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, "இது என்னன்னு நாளைக்குக் கேக்கணும்" என்று என்னிடம் காட்டினார்.